காற்றின் கையில் கரி

(ஹூஸ்டனில் தமிழ்க் குடும்பங்கள் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு சமையலைப் பற்றியது. ஆனால் மசாலாவைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இறைச்சியை எங்கே வாங்குவது, எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்பதையெல்லாம் இந்த மண்டபத்தில் இருக்கும் பலர் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நான் பேச வந்தது அதற்கும் கீழே கிடக்கும் பொருளைப் பற்றி. கரியைப் பற்றி. கொல்லைப்புறத்தில் ஓர் இரும்பு டிரம்மை நிறுத்தி, அடியில் கரியை மூட்டி, மேலே இறைச்சியை வைத்து, மூடியைப் போட்டு, ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் புகையிலேயே வேக வைக்கிறோமே, அந்தச் சமையலில் கரியை எப்படி ஆள்வது? அதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு ஒரு சொற்பொழிவு வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும். டெக்சாஸுக்கு வாழ வந்த நம்மவர் வீடுகள் பலவற்றில் இப்போது இந்தப் புகைச் சமையலுக்கான ஸ்மோக்கர் இருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கியது. சில முறை சமைத்த பிறகு உறையைப் போர்த்திக்கொண்டு வேலியோரம் நிற்கிறது. கேட்டால் என்ன சொல்கிறார்கள்? "சூடு நிக்கவே மாட்டேங்குதுங்க. ஒரு சமயம் ஏறிக்கிட்டே போகுது, ஒரு சமயம் அணைஞ்சே போயிடுது." சூடு குறைந்தால் கரியைக் கொட்டுகிறார்கள். சூடு ஏறினால் கரியைக் கிளறுகிறார்கள். நாள் முழுக்க மூடியைத் திறப்பதும் போடுவதுமாக அல்லாடிவிட்டு, கடைசியில் கமறல் அடிக்கும் கறியை விருந்தாளிகளுக்குப் பரிமாறுகிறார்கள். உழைப்பில் குறை இல்லை. கை வைக்கும் இடம்தான் தவறு.

முதலில் அந்த டிரம்மைப் பார்ப்போம். 55 காலன், அதாவது ஏறத்தாழ 208 லிட்டர் கொள்ளும் எஃகு பீப்பாய். எண்ணெயும் தேனும் பழச்சாறும் உலகமெல்லாம் போவது இதில்தான். இதன் வரலாற்றில் ஒரு பெண்ணின் பெயர் இருக்கிறது. எழுபத்திரண்டு நாளில் உலகைச் சுற்றி வந்து புகழ்பெற்ற பத்திரிகையாளர் நெல்லி பிளை பிறகு தொழிலதிபரானார். அவருடைய அயர்ன் கிளாட் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹென்றி வெர்ஹான் என்பவர் இந்த எஃகு பீப்பாய்க்கான காப்புரிமையை 1905இல் பெற்று, அதை நெல்லி பிளைக்கே எழுதிக் கொடுத்தார். எண்ணெய் கசியாமல் இருக்கச் செய்த பாத்திரம். கசியாத பாத்திரம் என்பதால்தான் நமக்கும் அது பயன்படுகிறது. எண்ணெயை வெளியே விடாத சுவர் காற்றையும் உள்ளே விடாது.

அடிப்பகுதியில் மூன்று நான்கு துளைகள். முக்கால் அங்குல அகலம். ஒன்றில் பந்து வால்வு, மற்றவற்றுக்கு மூடிகளோ காந்தத் தகடுகளோ. அடியில் ஒரு கரிக்கூடை. அதற்கு இரண்டடி உயரத்தில் கம்பி வலை, அதன் மேல் இறைச்சி. உச்சியில் மூடி, மூடியில் புகை போக ஒரு வழி. அவ்வளவுதான் டிரம் ஸ்மோக்கர். விசிறி கிடையாது, மின்சாரம் கிடையாது.

இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். இந்த டிரம்மில் சூட்டை முடிவு செய்வது எது? எவ்வளவு கரி போட்டோம் என்பதா? நல்ல கரியா, மட்டக் கரியா என்பதா?

இரண்டும் இல்லை. எவ்வளவு காற்று உள்ளே போகிறது என்பதுதான். காற்று இல்லாவிட்டால் ஐந்து கிலோ கரியும் வெறும் கறுப்புக் கல். காற்று கிடைத்துவிட்டால் அரைக் கிலோ கரி போதும், கோழியைக் கருக்கிவிடும்.

கணக்குப் போட்டே பார்ப்போமே. கரியைச் சுத்தமான கரிமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ கரிமம் முழுதாக எரிந்து தீர ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோ காற்று வேண்டும். காற்றுக்கு எடை உண்டு என்பதையே நாம் மறந்துவிடுகிறோம். பதினொன்றரைக் கிலோ காற்று என்றால் சுமார் 9,600 லிட்டர். நம் டிரம்மை 46 முறை நிரப்பும் காற்று. ஒரே ஒரு கிலோ கரிக்கு! ஆறு மணி நேரச் சமையலில் இரண்டு கிலோ கரி தீர்கிறது என்று வைத்தால், குறைந்தது நான்கு நிமிடத்துக்கு ஒரு டிரம் காற்று அந்தச் சின்னத் துளைகள் வழியாக உள்ளே வந்து, தணலைத் தொட்டு, இறைச்சியைத் தடவி, மேலே போய்க்கொண்டே இருக்கிறது. அசையாமல் நிற்கும் அந்த இரும்புக்குள் அவ்வளவு பெரிய காற்றோட்டம் நடக்கிறது. துளையைப் பாதி மூடினால் என்ன ஆகும், டிரம்மின் காற்று வரும் பக்கத்தை எதிர்க்காற்றில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை இனி நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நண்பர்களே, சூட்டை ஏற்ற வேண்டுமா? காற்றைக் கூட்டுங்கள். சூட்டை இறக்க வேண்டுமா? காற்றைக் குறையுங்கள். தீயை அணைக்க வேண்டுமா? காற்றை நிறுத்துங்கள். கரியை நீங்கள் தொடுவது ஒரே ஒரு முறை. கூடையில் அடுக்கும்போது.

சரி, அப்படியானால் எந்தக் கரி? கடையில் இரண்டு வகை கிடைக்கின்றன. மரத்தை அப்படியே கரியாக்கிய கட்டைக்கரி ஒன்று. கரித்தூளை மாவுப்பசையோடு சேர்த்து அழுத்தித் தலையணை வடிவில் வார்த்த பிரிக்கெட் இன்னொன்று. பிரிக்கெட்டுக்கு 1897லேயே பென்சில்வேனியாவில் எல்ஸ்வொர்த் ஸ்வோயர் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதை அமெரிக்காவின் வீட்டுச் சாமானாக மாற்றியவர் ஹென்றி ஃபோர்டு. கார் செய்ய மரம் எதற்கு என்று கேட்காதீர்கள். அன்றைய மாடல் டி காரில் நிறைய மரம் இருந்தது. மிச்சிகன் காடுகளில் மரம் அறுத்தார்கள். துண்டும் துணுக்கும் மரத்தூளும் மலையாகக் குவிந்தன. அதை வீணாக்க மனமில்லாமல் 1920களில் கரி ஆலை வைத்து பிரிக்கெட் செய்து, தன் கார்க் கடைகளிலேயே விற்றார். அந்தக் காட்டு நிலத்தை வாங்க அவருக்கு உதவிய எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயர்தான் பிறகு அந்தக் கரிக்கு வந்தது. இன்று நீங்கள் கடையில் பார்க்கும் நீலப் பை அதுதான்.

கட்டைக்கரி வேகமாகப் பற்றும், அதிகச் சூடு தரும், சாம்பல் குறைவு. ஆனால் ஒரு பையில் கை அகலத் துண்டும் இருக்கும், பட்டாணி அளவுப் பொடியும் இருக்கும். இடைவெளி சீராக இருக்காது, அதனால் எரிவதும் சீராக இருக்காது. பிரிக்கெட் எல்லாம் ஒரே அளவு. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நெருப்பு நிதானமாகப் போகும். சாம்பல் அதிகம் விழும், அதற்கு இடம் கொடுத்துவிட்டால் போதும். டிரம் சமையலுக்குப் புதிதாக வருகிறவர் பிரிக்கெட்டில்தான் தொடங்க வேண்டும் என்பது என் முடிவான கருத்து. கை பழகிய பிறகு கட்டைக்கரிக்குப் போகலாம். ஒரே ஒரு வகையைத் தொடவே தொடாதீர்கள். தீக்குச்சி காட்டினால் உடனே பற்றும் என்று எரிபொருள் தடவி விற்கிறார்களே, அது டிரம்முக்கு ஆகாது. ஏன் ஆகாது என்பது கரியை மூட்டும் முறையைச் சொல்லும்போது விளங்கும்.

கட்டைக்கரி என்றதும் இன்னொரு செய்தியைச் சொல்லாமல் போக முடியவில்லை. இந்த மாநிலத்தில் மெஸ்கீட் கரி என்று ஒன்று விற்கிறார்கள். சடசடவென்று பொறி தெறிக்கும், சூடு மிக அதிகம். அந்த மெஸ்கீட் நமக்கு அந்நியமான மரமா? நம் ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் விருதுநகரிலும் மண்டிக் கிடக்கிறதே சீமைக்கருவேலம், அதற்கு நெருங்கிய உறவு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் ஊருக்கு வந்த மரம் அது. அந்த மாவட்டங்களில் அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். விறகை அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மேலே மண் பூசி, அங்கங்கே துளை விட்டு நெருப்பு வைப்பார்கள். பிறகு அந்தத் தொழிலாளி என்ன செய்கிறார்? விறகைத் தொடுகிறாரா? இல்லை. நாள்கணக்கில் புகையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைப் புகை கெட்டியாக வந்தால் ஈரம் போகிறது என்று பொருள். புகை மெலிந்து நீலம் காட்டினால் அந்தப் பக்கம் கரியாகிவிட்டது, துளையை அடைக்க வேண்டும் என்று பொருள். மண் வெடித்துக் காற்று புகுந்தால் உள்ளே எல்லாம் சாம்பலாகிவிடும், ஓடிப் போய் மண்ணை அப்ப வேண்டும். கரியை உண்டாக்கும் அந்த எளிய மனிதரின் முழுத் திறமையும் காற்றைக் காப்பதில் இருக்கிறது. கரியை எரிக்கும் நமக்கும் அதே திறமைதான் வேண்டும். அவர் பார்க்கும் அதே புகை நிறத்தைத்தான் நாமும் பார்க்கப் போகிறோம்.

இனி மூட்டுவதற்கு வருவோம். இந்தப் பேச்சின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

கரிக்கூடை என்றேனே, அது துளைத் தகட்டில் செய்த உருளை. நான்கைந்து கிலோ கரி கொள்ளும். அதன் அடிக்கும் டிரம்மின் தரைக்கும் நடுவே மூன்று அங்குலமாவது இடைவெளி இருக்க வேண்டும். சாம்பல் விழுந்து கிடக்க அந்த இடம். அந்த இடம் இல்லாவிட்டால் நான்கு மணி நேரத்தில் சாம்பல் ஏறித் தணலைச் சுற்றிக்கொள்ளும். காற்றுத் துளை திறந்தே இருக்கும், காற்று மட்டும் தணலுக்குப் போய்ச் சேராது.

கூடை நிறைய கரியைப் போடுங்கள். எரியாத கரி, பச்சைக் கரி. நடுவில் ஒரு கிண்ணம் அளவுக்குக் குழி விடுங்கள். இடையிடையே உலர்ந்த மரத் துண்டுகளை, கை முட்டி அளவில் மூன்று நான்கு, புதைத்து வையுங்கள். ஓக், ஹிக்கரி, பீக்கான், எதுவானாலும் சரி. அவற்றைத் தண்ணீரில் ஊற வைக்க வேண்டாம். நீர் ஆவியாகி முடியும்வரை மரம் எரியவே எரியாது. நீங்கள் பார்க்கும் வெள்ளைப் புகையில் பாதி வெறும் நீராவி.

பிறகு தனியாக, கரி மூட்டுவதற்கென்றே உள்ள ஒரு சிம்னி அடுப்பில் பத்துப் பன்னிரண்டு பிரிக்கெட்டை மட்டும் பற்ற வையுங்கள். அடியில் கசக்கிய காகிதம் போதும். முதலில் கெட்டியான புகை வரும். பொறுங்கள். புகை அடங்கும். விளிம்பில் சாம்பல் நிறம் படரும், இடுக்குகளில் சிவப்பு தெரியும். கால் மணி நேரம் ஆகும். ஓரம் நீறுபூத்த அந்தக் கங்குகளை இடுக்கியால் எடுத்து, ஒன்றன் பின் ஒன்றாக, கூடையின் நடுக்குழியில் வையுங்கள். பச்சைக் கரியின் மேல் கங்கு உட்காரும்போது சன்னமாக ஒரு நொறுங்கல் சத்தம் கேட்கும். பக்கத்துக் கரி சூட்டை வாங்கத் தொடங்கிவிட்டது.

கவனியுங்கள். கூடையில் நூற்றுக்கு மேல் கரி இருக்கிறது. எரிவது பன்னிரண்டுதான். அந்தப் பன்னிரண்டும் பக்கத்திலிருப்பதைப் பற்ற வைக்கும், அது அதன் பக்கத்தை. உங்கள் அடுப்பு தனக்கு வேண்டிய கரியைத் தானே ஒன்றொன்றாக எடுத்துக்கொள்ளும். பத்து மணி நேரத்துக்கு நீங்கள் கரி போட வேண்டியதில்லை. வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஜிம் மினியன் என்ற போட்டிச் சமையல்காரர் 1990களின் கடைசியில் வெபர் நிறுவனத்தின் ஸ்மோக்கரில் இப்படிச் செய்து காட்டினார். அன்றிலிருந்து இதற்கு மினியன் முறை என்றே பெயர். அதுவரை பெரும்பாலோர் கரி முழுவதையும் தணலாக்கிவிட்டுத்தான் சமையலைத் தொடங்குவார்கள். முழுக்கத் தணலான கரியை அடக்கி ஆள்வது எவ்வளவு பெரிய பாடு! சிறு நெருப்பை வளர்க்கலாம். பெரு நெருப்பை எப்படிச் சுருக்குவது?

எரிபொருள் தடவிய கரி ஏன் ஆகாது என்பது இப்போது புரிகிறதா? இந்த முறையில் பச்சைக் கரி சமையல் முடியும்வரை ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டே இருக்கும். அதில் எரிபொருள் இருந்தால், அந்த நாற்றமும் சமையல் முடியும்வரை ஒவ்வொரு கரியிலிருந்தும் கிளம்பி உங்கள் கறியில் ஏறிக்கொண்டே இருக்கும்.

கங்கு வைத்தாயிற்று. எல்லாத் துளைகளையும் திறந்து வைத்து, மூடியைப் போடுங்கள். நமக்கு வேண்டிய சூடு 250 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 120 செல்சியஸ் பக்கம். அளவுமானி 150 காட்டும், 180 காட்டும். 200ஐத் தொட்டதும் எழுந்து போய் ஒவ்வொரு துளையாக மூடத் தொடங்குங்கள். 250க்குக் காத்திருக்காதீர்கள். பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் தணிப்பார் உண்டா? விளிம்புக்கு வரும்போதே தணிப்பதுதானே வழக்கம். டிரம்மின் சூட்டையும் ஏறுகிற வழியிலேயே பிடிக்க வேண்டும். 325க்குப் போய்விட்ட டிரம்மை 250க்கு இறக்க ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகும். ஏனென்றால் அதற்குள் பன்னிரண்டு கங்கு ஐம்பது கங்காகியிருக்கும். பற்றிய கரியைப் பற்றாத கரியாக மாற்ற உங்கள் வால்வுக்குச் சக்தி கிடையாது.

மேலே உள்ள புகை வழியை மட்டும் சமைக்கும்போது எப்போதும் முழுக்கத் திறந்து வையுங்கள். இதில் நான் எந்தச் சமரசத்துக்கும் வரமாட்டேன். கீழே அளந்து விடுங்கள், மேலே தாராளமாக விடுங்கள். மேலே அடைத்தால் பழைய புகை உள்ளேயே தேங்கி இறைச்சியின் மேல் கசப்புப் பிசினாகப் படியும். வாய் மரத்துப்போகிற மாதிரி ஒரு கமறல் அடிக்கிறதே, அது இப்படி வந்ததுதான்.

இறைச்சியை எப்போது உள்ளே வைப்பது? புகை சொல்லும். வெள்ளையாக, பஞ்சு பஞ்சாகப் புகை வரும்வரை வைக்காதீர்கள். புகை மெலிந்து, வானத்தைப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் தெரிகிற இளநீலமாக வரும்போது வையுங்கள். கரிமூட்டக்காரர் துளையை அடைக்கும் அதே நிறம். விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று அவசரப்படாதீர்கள். அவர்கள் அரை மணி நேரம் பொறுப்பார்கள்.

சரி, வைத்தாயிற்று. இனி என்ன வேலை? ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் வேலை. சொல்ல எளிது. செய்வதில்தான் எல்லோரும் தோற்கிறோம். ஒரு மணி நேரம் போகிறது. ஆவல் தாங்காமல் மூடியைத் திறக்கிறோம். என்ன நடக்கிறது தெரியுமா?

திறந்த நொடியில் சூடான காற்றெல்லாம் மேலே போய்விடுகிறது. அளவுமானி 250லிருந்து 180க்கு விழுகிறது. ஐயோ சூடு போய்விட்டதே என்று கீழே ஒரு துளையைக் கூடுதலாகத் திறக்கிறோம். ஆனால் மூடி திறந்திருந்த அந்த அரை நிமிடத்தில் தணலுக்குக் கிடைத்தது என்ன? வயிறு முட்டக் காற்று. சூடு உண்மையில் குறையவே இல்லை. கரி முன்னைவிட வேகமாக எரிகிறது. வெளியே போனது காற்றின் சூடு மட்டும். அது இரண்டே நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். இப்போது கூடுதலாகத் திறந்த துளையும் சேர்ந்துகொள்கிறது. பத்து நிமிடத்தில் 300. பதறிப்போய் எல்லாவற்றையும் மூடுகிறோம். தணல் மூச்சுத் திணறிப் புகைகிறது, சூடு 200க்குக் கீழே போகிறது. மறுபடி திறக்கிறோம். இப்படியே பொழுது போய்விடுகிறது. "சூடு நிக்கவே மாட்டேங்குதுங்க" என்று சொன்னார்களே, அது இதுதான்.

செய்ய வேண்டியது என்ன? திறக்காமல் இருப்பது முதல். திறந்தே ஆக வேண்டுமென்றால், திறப்பதற்கு முன்னால் கீழ்த் துளைகளை அடைத்துவிட்டு, வேலையை முடித்து, மூடியைப் போட்டு, பழைய அளவுக்கே மறுபடி திறந்துவிடுவது. பிறகு எதைத் திருத்தினாலும் கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது. வால்வில் செய்த மாற்றம் அளவுமானியில் தெரிய அவ்வளவு நேரம் ஆகும்.

டிரம்மில் இன்னொரு சிறப்பு உண்டு. இறைச்சிக்கும் தணலுக்கும் நடுவே தட்டு கிடையாது. கொழுப்பு உருகி நேராகக் கங்கின் மேல் சொட்டும். சுரீரென்று ஆவியாகி, மேலே வந்து, அந்த இறைச்சியிலேயே படியும். டிரம்மில் வெந்த கோழிக்கும் பன்றி விலாவுக்கும் தனி ருசி வருவது அதனால்தான், வேறு எந்த ஸ்மோக்கரிலும் எனக்கு அந்த ருசி கிடைத்ததில்லை. ஆனால் மூடியை நீண்ட நேரம் திறந்து வைத்தால் அதே கொழுப்பு தீப்பிடித்துக் கொழுந்துவிடும். அப்படிப் பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியைப் போடுங்கள், துளைகளை அடையுங்கள். காற்று இல்லாமல் தானே அடங்கும்.

அடுத்து, பிரிஸ்கட் சமைப்பவர்கள் எல்லோரும் தடுமாறும் ஓர் இடம். காலையில் வைத்த மாட்டு நெஞ்சுக்கறியின் உட்சூடு ஏறிக்கொண்டே வருகிறது. 150, 155, 160. அங்கே நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், சில நாள் நான்கு மணி நேரம்கூட முள் அசையாது. உடனே யார் மேல் சந்தேகம் வருகிறது? கரி மேல். கரி தீர்ந்துவிட்டது, கரி மட்டம், இன்னும் கொட்டு! பாவம் கரி, அது என்ன செய்தது? கிரெக் பிளாண்டர் என்ற இயற்பியலாளர் இதைச் சோதித்தே காட்டியிருக்கிறார். இறைச்சியிலிருந்து நீர் கசிந்து மேற்பரப்பில் ஆவியாகிறது. ஆவியாகும் நீர் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. டிரம் கொடுக்கும் சூடும் ஆவி கொண்டுபோகும் சூடும் சமமாகும் இடத்தில் முள் நிற்கிறது. வெயிலில் நமக்கு வியர்ப்பதும் இதே கதைதான். மேற்பரப்பு உலர்ந்ததும் முள் மறுபடி நகரும். பொறுக்க முடியாதவர் கசாப்புக் காகிதத்திலோ அலுமினியத் தாளிலோ சுற்றி வைக்கலாம், ஆவியாவது குறையும். 203 டிகிரிப் பக்கம் வந்தால், குத்திய கம்பி வெண்ணெயில் போவது போலப் போனால், கறி ஆயிற்று. நடுவில் கரியைத் தொடவே வேண்டாம்.

அப்படியென்றால் கரி உண்மையிலேயே சோர்ந்து போவது எப்போது? துளைகள் முழுக்கத் திறந்தும் சூடு இறங்கிக்கொண்டே வந்தால், அப்போது சந்தேகப்படலாம். அந்த நேரத்திலும் முதலில் பார்க்க வேண்டியது சாம்பல். டிரம்மின் பக்கத்தில் கையால் இரண்டு மூன்று முறை தட்டுங்கள், சூடு தாங்கும் உறை போட்டுக்கொண்டு. கரிக்கூடையின் அடியில் தங்கியிருக்கும் சாம்பல் கீழே உதிரும். பல நாள் அதுவே போதும். காற்று வீசும் திசையையும் பாருங்கள். இந்த ஊரில் வளைகுடாப் பக்கமிருந்து தென்கிழக்குக் காற்று சுழற்றியடிக்கும் நாளில் வால்வு அந்தத் திசையைப் பார்த்து நின்றால் பாதித் துளையே முழுத் துளையின் வேலையைச் செய்யும். டிரம்மைத் திருப்பி நிறுத்துங்கள், அல்லது ஒரு பலகையைத் தடுப்பாக வையுங்கள்.

புதிதாக டிரம் வாங்குகிறவர்களுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். இறைச்சி இல்லாமல் ஒரு நாள் கரியை மட்டும் மூட்டி 250க்குக் கொண்டுவாருங்கள். பிறகு கீழும் மேலும் எல்லாத் துளைகளையும் அடையுங்கள். சூடு கடகடவென்று இறங்கினால் உங்கள் டிரம் நல்ல டிரம். இறங்காமல் அப்படியே நின்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, பெரும்பாலும் மூடியின் விளிம்பில். அதைச் சரி செய்யாமல் எந்த வால்வைத் திருகியும் பயனில்லை. பழைய டிரம்மை வாங்கித் தாங்களே செய்து கொள்கிறவர்கள், அதில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். உணவுப் பொருள் வைத்த டிரம்மாக இருக்க வேண்டும். உள்பூச்சு இருந்தால் விறகுத் தீயால் முழுக்க எரித்துவிட வேண்டும். துத்தநாகம் பூசிய டிரம் கூடவே கூடாது. சூட்டில் அதன் புகை நஞ்சு.

சமையல் முடிந்தது. கூடையில் பாதிக் கரி மிச்சம் இருக்கிறது. தண்ணீர் ஊற்றி வீணாக்காதீர்கள். எல்லாத் துளைகளையும் அடைத்துவிட்டுப் போங்கள். காற்றில்லாமல் கரி தானே அணைந்துவிடும். அடுத்த முறை கூடையைக் குலுக்கிச் சாம்பலைக் கொட்டிவிட்டு, பழைய கரியோடு புதிய கரியைக் கலந்து மூட்டலாம். காசு மிச்சம்.

கடைசியாக ஒன்று, தயவுசெய்து இதைக் கவனமாகக் கேளுங்கள். கரி முழுதாக எரியப் போதுமான காற்று கிடைக்காதபோது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. ஒரு கிராம் கரிமம் முழுதாக எரிந்தால் 33 கிலோஜூல் சூடு தரும். பாதியில் நின்று மோனாக்சைடாகப் போனால் 9தான் தரும். மீதி அந்த வாயுவோடு போய்விடுகிறது. நாம் காற்றை அடக்கி அடக்கித்தான் சமைக்கிறோம், ஆகவே நம் டிரம்மிலிருந்து அந்த வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மழை வருகிறது என்று டிரம்மைக் கார் கொட்டகைக்குள் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். கதவைத் திறந்து வைத்தால் போதும் என்கிறார்கள். போதாது. குளிருக்காக மிச்சத் தணலை வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்த வீடுகளில் தூங்கியவர்கள் எழுந்திருக்காமல் போயிருக்கிறார்கள். மழை வந்தால் சமையல் கெடட்டும், விருந்து தள்ளிப் போகட்டும். டிரம் வீட்டுச் சுவரைவிட்டுத் தள்ளி வெளியிலேயே நிற்கட்டும். சாம்பல் ஆறிவிட்டது என்று தோன்றினாலும் ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு, மூடியுள்ள இரும்பு வாளியில் மட்டும் கொட்டுங்கள். இன்று கேட்டதில் மற்றதெல்லாம் மறந்து போனாலும், டிரம்மைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் சொன்ன இந்த இரண்டையும் இன்றிரவே வீட்டில் இருக்கும் எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.